பிரசங்கம் வேதத்தின்படிதானா என்று சோதித்துப் பார்க்கலாமா?

கேள்வி, ஒரு சகோதரியிடமிருந்து, 02.01.2024

வருஷக் கடைசி ஆராதனையில் எங்கள் பாஸ்டர் இந்த ஆண்டின் வாக்குத்தத்தம் என்று எரேமியா 29:11-ஐக் கொடுத்தார். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று வசனத்தில் இருக்கிறது, அதனால் வேலையோ வீடோ குழந்தையோ, நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்களோ அது இந்த வருஷம் கிடைத்தே தீரும் என்றார். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. கணவரிடம் சொன்னால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார். இப்படிப் பார்ப்பது பாவமா? பாவம் இல்லையென்றால் எப்படிப் பார்ப்பது? நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை.

03.01.2024, காலை

பாவம் இல்லை சகோதரி. பெரேயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே சோதித்தார்கள். "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" அவர்கள் தெசலோனிக்கேயரைவிட நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்லுகிறது. சோதித்தவர்களை வேதம் சந்தேகப் பேர்வழிகள் என்று சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. அதே வசனத்தில் "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு" என்றும் இருக்கிறது. ஆசையோடு கேட்டார்கள், பிறகு ஆராய்ந்தார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

உங்கள் கணவர் சொன்ன வசனம் சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." 9-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாக அலைந்த காலம் அது. அவர்கள்மேல் கைவைக்க வாய்ப்பிருந்த ராஜாக்களைத்தான் கர்த்தர் எச்சரிக்கிறார். வல்லவர்களிடமிருந்து நாதியற்றவர்களைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை எடுத்து, பிரசங்க பீடத்தில் நிற்கிறவரைச் சபை கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கு வைத்திருக்கிறார்கள். எத்தனையோ வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

03.01.2024, இரவு

எரேமியா 29 பற்றி. காலையில் அவசரமாக எழுதியதால் விட்டுவிட்டேன், ஆனால் உங்கள் கேள்வியே அதுதான்.

நீங்கள் செய்தது சரி. அந்த அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று தொடங்குகிறது. அதாவது, சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். 11-ஆம் வசனம் அதற்கு அடுத்த வரி.

இன்னொன்று. 8-ஆம் வசனத்தில், உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள் என்று இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்லி எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தெறிகிறான். எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அந்த ஆசைதான். ஆனால் கர்த்தர் சொன்னது அதுவல்ல. சீக்கிரம் நல்லது நடக்கும் என்று சொன்ன இப்படிப்பட்ட தீர்க்கதரிசிகளை மறுத்து எழுதின கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, இந்த வருஷமே நல்லது நடக்கும் என்பதற்கு வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கிறோம். இதை யோசிக்கும்போது மனசு கனக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நம் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்தது. அருமையான மொழிபெயர்ப்பு, நான் தினமும் வாசிக்கிறேன். ஆனால் "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது எதிர்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள். உங்களுக்கு ஒரு எதிர்காலம் உண்டு, நம்பிக்கை உண்டு என்பது பொருள். நாம் மனதில் போட்டு வைத்திருப்பது நடக்கும் என்பது அதில் இல்லை. ஒரு சொல்லின்மேல் பிரசங்கம் முழுதும் நிற்கிறது என்றால் வேறு மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். திருவிவிலியம் என்கிற பொது மொழிபெயர்ப்பு இருந்தால் போதும். இதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை.

05.01.2024

தாவீது சவுலைத் தொடவில்லையே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள் என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சங்கீதம் 105-ஐ மட்டும் சொல்லி நான் நிறுத்தியது குறைதான், 1 சாமுவேல் 24-ஐயும் சேர்த்திருக்க வேண்டும்.

என்கேதியில் ஒரு கெபி. தாவீதைக் கொல்லத் தேடி அலைகிற ராஜா சவுல் உள்ளே வருகிறான். தாவீது அவன் சால்வையின் தொங்கலை அறுக்கிறான், அதற்கே மனசு அடித்துக்கொள்கிறது. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கையைப் போடமாட்டேன் என்கிறான். சரி. ஆனால் அதோடு வாயை மூடிக்கொண்டு போனானா? வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, முகங்குப்புற வணங்கி, நீர் செய்கிறது தவறு, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுவே நியாயம் விசாரிப்பார் என்று ஆட்கள் எல்லோரும் கேட்கச் சொல்லுகிறான். கையைப் போடாதது வேறு, பேசாமல் இருப்பது வேறு. தாவீதின் பாவத்தைக் கண்டித்து நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் போனதும், அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததும் இதே வழியில்தான்.

இன்று விடியற்காலை ஆதியாகமம் 20 வாசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சங்கீதம் 105 நினைத்துப் பேசுகிற சம்பவங்களில் இதுவும் ஒன்று. கேராரின் ராஜா அபிமெலேக்கு ஆபிரகாமின் மனைவியை அழைப்பித்துக்கொண்டான், ஆபிரகாம் அவளைத் தங்கை என்று சொல்லியிருந்ததால். அவளைத் தொட நான் உனக்கு இடங்கொடுக்கவில்லை, அவளைத் திருப்பி அனுப்பிவிடு, அந்த மனுஷன் ஒரு தீர்க்கதரிசி என்று தேவன் சொப்பனத்தில் எச்சரிக்கிறார். மறுநாள் அபிமெலேக்கு என்ன செய்தான்? ஆபிரகாமைக் கூப்பிட்டு, நீ எங்களுக்கு என்ன செய்தாய், செய்யத்தகாததைச் செய்துவிட்டாயே என்று நேருக்கு நேர் கேட்டான். தேவன் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "தொடாதே" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற மனுஷனிடமே ஒரு புறஜாதி ராஜா கணக்குக் கேட்டிருக்கிறான். இத்தனை வருஷம் வாசித்தும் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

11.01.2024

மற்றவர்கள் வசனத்தைத் திருப்புவதைப் பற்றியே எழுதிக்கொண்டு போவது சரியில்லை. நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் "ஜோடி வசனம்" என்று ஒரு போட்டி வைப்போம். ஒரு வசனம் சொன்னால் அதற்கு ஒத்த இன்னொரு வசனம் சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக ஏசாயா 34:16-ஐக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். "கர்த்தருடைய புஸ்தகத்திலே தேடி வாசியுங்கள், இவைகளில் ஒன்றும் குறையாது, இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது." வேதத்தில் எந்த வசனத்துக்கும் ஜோடு உண்டு என்று விளக்கம் சொல்வேன். எனக்கு அப்படித்தான் ஒரு கன்வென்ஷனில் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தப் பிரசங்கியாருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஒருநாள் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். ஏதோம் தேசத்தின்மேல் வருகிற அழிவு. அரண்மனைகளில் முட்செடி முளைக்கிறது, காட்டு மிருகங்கள் குடியேறுகின்றன, வல்லூறு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, ஜோடு ஜோடாகச் சேருகின்றன. அதற்கு அடுத்த வசனம்தான் இது. "இவைகளில்" என்றது அந்த மிருகங்களையும் பறவைகளையும். கர்த்தர் சொன்னபடி அவை ஒன்று தவறாமல் துணையோடு வந்து சேரும் என்பது பொருள். வசனங்களுக்கு ஜோடி தேடுகிற பேச்சே அங்கே இல்லை.

ஒத்தவாக்கியம் பார்ப்பது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். தவறு அந்தப் பழக்கத்தில் இல்லை, அதற்கு இந்த வசனத்தைக் கையெழுத்துப் போட வைத்ததில்தான். இதில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, காசு போகவில்லை. ஆனாலும் ஒரு வரியை அதன் வீட்டிலிருந்து பிடுங்கி நமக்கு வேண்டிய இடத்தில் நடலாம் என்பதைப் பிள்ளைகள் என்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள். நாளைக்கு வேறொருவர் பெரிய விஷயத்துக்கு அதையே செய்யும்போது அவர்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

12.01.2024

பெரிய விஷயம் என்றேன். அதையும் எழுதிவிடுகிறேன், நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று நாள் பந்தல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர், பெயர் வேண்டாம். ஏசாயா 53-இல் வருகிற "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பதை எடுத்து, குணமாகிவிட்டது என்று விசுவாசித்தபிறகு மாத்திரை போடுவது அவிசுவாசம் என்றார். அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது, உள்ளே கிழிக்காத மாத்திரை அட்டைகள், ஒழுங்காக அடுக்கி. அதற்குள் வலது காலில் புண் வந்து புரையோடி, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதது விரலுக்காக இல்லை. "எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது எங்கள் சபையின் பழைய உபதேசியார் பார்க்க வந்தார். அவரைப் பற்றி எனக்கு அதுவரை நல்ல எண்ணம் கிடையாது. பேச்சு திக்கும், குரல் எழும்பாது, ரோமருக்கு எழுதின நிருபத்தை வசனம் வசனமாக வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவார், இவரிடம் அபிஷேகம் இல்லை என்று நானே வெளியே சொல்லியிருக்கிறேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து 2 தீமோத்தேயு 4:20-ஐ வாசித்தார். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பிறகு சொன்னார்: பவுலின் உறுமாலை, அதாவது கைக்குட்டையை, கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கினதாக அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல் கூட ஊழியம் செய்தவனை வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று யோசனை சொல்லுகிறார், எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டான் என்கிறார், யாரையும் திட்டவில்லை.

அம்மா அந்த வசனத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்தார். மூன்றாம் முறையும் வாசித்தார். அதில் அவருக்குத் திக்கவில்லை.

ஒரு பிரசங்கியாரை அளக்க என்னிடம் அதுவரை இருந்த கோல் குரலும் கூட்டமும்தான். அன்றைக்கு அதைக் கீழே போட்டேன்.

14.01.2024

சுகம் கிடைத்ததாகச் சாட்சி சொல்லுகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கிறார்கள். கர்த்தர் சுகமாக்குகிறார் என்பதை நான் மறுக்கவில்லை, நம்புகிறேன். ஆனால் உபாகமம் 13-இன் முதல் மூன்று வசனங்களைப் பாருங்கள். தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் வேறே தேவர்களிடம் போகச் சொன்னால் கேட்காதே என்கிறது. நடந்தது என்பது மட்டும் போதாது, எதைச் சொல்லுகிறான் என்பதையும் பார்க்கச் சொல்லுகிறது. மத்தேயு 7-இல் "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று வருகிறவர்கள் தீர்க்கதரிசனமும் அற்புதமும் செய்தவர்கள்தான்.

22.01.2024

தசமபாகம் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். மல்கியா 3:10-ஐ வைத்துக்கொண்டு, பத்தில் ஒன்று கொடுக்காவிட்டால் சாபம், கொடுத்தால் வானத்தின் பலகணி திறக்கும் என்று மாதாமாதம் கேட்கிறோம். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தை அதோடு சேர்த்து யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், அவர்களுக்கு எதிராகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறார் கர்த்தர். உபாகமம் 14:28, 29-இன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும். ஆக தசமபாகம் ஏழைகளுக்கானது, ஊழியக்காரருக்கானது அல்ல.

23.01.2024

நேற்றைய கடைசி வரி தவறு. எண்ணாகமம் 18:21 இஸ்ரவேலின் தசமபாகமெல்லாம் ஆலய ஊழியம் செய்த லேவியருக்குச் சுதந்தரம் என்று தெளிவாகச் சொல்லுகிறது, உபாகமத்துப் பட்டியலிலும் முதல் பெயர் லேவியன்தான். ஒரு தம்பி சுட்டிக்காட்டினார், நெகேமியா 13:10-ஐயும் சேர்த்துக் கொடுத்தார்: பங்கு கிடைக்காததால் லேவியர் ஊழியத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். ஊழியக்காரரைப் பட்டினி போடுவதும் மல்கியா சொல்லுகிற குற்றத்தில் சேரும். எனக்குக் கோபம் இருந்தது, அந்தக் கோபத்துக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேலே யாரைக் குறை சொன்னேனோ அவர்கள் செய்கிறதும் இதுதான். தம்பிக்கு நன்றி.

24.01.2024

பணம் பற்றிய பேச்சு வந்ததால் இது. ஆதித் திருச்சபையின் கையேடு ஒன்று உண்டு, டிடாக்கே என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாவதின் தொடக்கம் என்று பெரும்பாலும் கணிக்கிறார்கள். அதன் கிரேக்கப் பிரதி 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்தது. ஊர் ஊராக வருகிற ஊழியக்காரர்களை எப்படி அடையாளம் காண்பது என்று அதில் ஒரு பகுதி. ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும், மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் யாரும் அவனைக் குற்றப்படுத்தக்கூடாது. அது வேதவாக்கியம் இல்லை, இருந்தாலும் அன்றைய சாதாரண விசுவாசிகளுக்கும் நம்முடைய கேள்விதான் இருந்தது என்று தெரிகிறபோது ஒரு தெம்பு வருகிறது.

18.02.2024

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அம்மாவுக்கு நடந்ததற்கு அடுத்த வருஷம் ஞாயிறுதோறும் பிரசங்கக் குறிப்பு எழுதினேன், இடது பக்கம் சொன்ன வசனம், வலது பக்கம் அந்த அதிகாரத்தை வீட்டில் வாசித்தபோது தெரிந்தது. எந்த வசனம் தவறாகச் சொல்லப்பட்டது என்று பார்க்கத்தான் தொடங்கினேன். வருஷக் கடைசியில் தெரிந்தது வேறு. எது சொல்லப்படவே இல்லை என்பது. ஆசீர்வாதம், வாசல் திறப்பு, எதிரி விழுவான், திரும்பத் திரும்ப. மனந்திரும்புதல் பற்றி ஒரு ஞாயிறுகூட இல்லை. சிலுவை பெரிய வெள்ளியன்று மட்டும் வந்து போனது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு பிரசங்கத்திலும் பெரிய பிழை சொல்ல முடியாது. எபேசு மூப்பர்களிடம் பவுல், தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்கவில்லை என்றது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பிரசங்கத்தைக் கேட்டு ஒருவரைத் தீர்த்துவிடாதீர்கள், ஒரு வருஷம் கேளுங்கள்.

அந்த நோட்டு எனக்குக் கெடுதலும் செய்தது. கடைசி மாதங்களில் நான் ஆராதனைக்குப் போனது பிழை பிடிக்கத்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பெரேயாக்காரரிடம் இருந்த மனோவாஞ்சை என்னிடம் இல்லை. பொறாமையாலும் விரோதத்தாலும் பிரசங்கிக்கிறவர்களைப் பற்றிக்கூடப் பவுல், எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்று பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அவரே கலாத்தியரில் வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் வானத்துத் தூதனானாலும் சபிக்கப்பட்டவன் என்கிறார். நோக்கம் கோணலாக இருந்தால் பொறுக்கிறார், செய்தி கோணலானால் பொறுக்கவில்லை. நான் தலைகீழாக இருந்தேன், பேசுகிறவரின் முகம் பிடிக்காவிட்டால் செய்தியிலும் பிழை தேடினேன்.

03.03.2024

சகோதரி, பாஸ்டரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், வைராக்கியமாய்ப் பேசினான், ஆனால் யோவானுடைய ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று மறுக்கவில்லை. தனியாகச் சேர்த்துக்கொண்டு "அதிக திட்டமாய்" விவரித்தார்கள். கூடாரம் தைக்கிற கணவனும் மனைவியும் அவர்கள். நீங்களும் முடிந்தால் கணவரோடு சேர்ந்து போங்கள். எரேமியா 29-ஐ முழுதும் வாசித்துவிட்டு, ஐயா, 10-ஆம் வசனத்தோடு இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேள்வியாகக் கேளுங்கள். பதிலைவிட, கேள்வியை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் நிறையத் தெரியும். வேதத்தைத் திறந்தாரானால் அவரோடு உட்காருங்கள். அபிஷேகத்தைத் திறந்தாரானால் ஜாக்கிரதை.

20.03.2024

சகோதரி எழுதியிருக்கிறார். இருவருமாகப் போனார்களாம். பாஸ்டர் முதலில் கொஞ்சம் முகம் சுருங்கினாராம், பிறகு அந்த அதிகாரத்தை அவர்களுக்கு முன்னாலேயே வாசித்து, நான் அந்த ஒரு வசனத்தைத்தான் தயாரித்தேன், கடிதமாக வாசித்து வெகுநாள் ஆயிற்று என்றாராம். ஈஸ்டருக்குப் பிறகு எரேமியாவைத் தொடர்ச்சியாக எடுக்கலாம் என்றாராம். அந்த மனுஷனுக்காக இன்று ஜெபித்தேன். "போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு எழுதின இடத்தில் நின்றுகொண்டு, ஒரு விசுவாசியின் முன்னால் அப்படிச் சொல்வது சுலபம் இல்லை.

24.03.2024, குருத்தோலை ஞாயிறு

இன்று ஓய்வுநாள் பள்ளியில் ஏசாயா 34-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தோம். இத்தனை வருஷம் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஜோடி வசனப் போட்டி இருக்குமா இருக்காதா என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை, இருக்கும் என்றேன். பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, சார், வல்லூறு எப்படி இருக்கும் என்று கேட்டான். கரும்பலகையில் வரைந்து காட்டினேன், ஒன்று வரைந்ததும், பக்கத்தில் இன்னொன்று வேண்டுமே சார் என்றான்.